கிரீச், கரகர, சரசர: உராய்வு ஓசையாவது எப்படி? கையால் செய்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

இரவில் யாரையும் எழுப்பிவிடக் கூடாதே என்று கதவை மெல்ல, மிக மெல்லத் திறப்போம். அப்போது பார்த்துத்தான் அது வீடே விழித்துக்கொள்ளும்படி கிரீச்சிடும். அதே கதவைப் பகலில் ஒரே வீச்சில் திறந்தால் மூச்சே விடாது. இதைக் கதவின் குறும்பு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உராய்வு எப்படி ஓசையாகிறது என்பதில் பாதி விஷயம் இந்தக் குறும்புக்குள்தான் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஒரு சீப்பு, ஒரு ரப்பர் பேண்டு, கனமான ஒரு புத்தகம், மெல்லிய விளிம்புள்ள கண்ணாடிக் கோப்பை, கைபேசி ஆகியவை போதும். படிகளை வரிசையாகச் செய்துகொண்டு வாருங்கள். வெறுமனே வாசித்தாலும் புரியும்; செய்து பார்த்தால்தான் காதுக்குப் பிடிபடும். எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் நாம் கேட்கப்போகும் கேள்விகள் மூன்று: இதைப் பிறப்பிப்பது எது? இதன் சுருதியைத் தீர்மானிப்பது எது? இதை ஊருக்கெல்லாம் பரப்புவது எது? பெரும்பாலும் மூன்றுக்கும் விடை வெவ்வேறு பொருள்கள். அது தெரியாமல்தான் நாம் தவறான இடத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

படி 1: தொண்டையில் விரல் வையுங்கள்

இரண்டு விரல்களைத் தொண்டையின் நடுவே வைத்து "ம்ம்ம்" என்று இழுங்கள். விரலுக்கடியில் குறுகுறுவென்று தெரியும். இப்போது "ஸ்ஸ்ஸ்" என்று சீறிப் பாருங்கள். ஓசை வருகிறது, குறுகுறுப்பு இல்லை. முதலாவதில் குரல் நாண்கள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றன; ஆண்களின் பேச்சுக் குரலில் நொடிக்கு 100 முதல் 150 முறை, பெண்களின் குரலில் 200 முறை அளவில். இரண்டாவதில் நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே காற்று தாறுமாறாகச் சுழல்கிறது, அவ்வளவுதான்.

ஒரே சீராகத் திரும்பத் திரும்ப நிகழும் அதிர்வுக்குச் சுருதி உண்டு. சீரில்லாத அதிர்வு வெறும் இரைச்சல். நொடிக்கு எத்தனை முறை என்பதே அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். நம் காதுக்கு எட்டுவது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கும். அடிப்படை இவ்வளவு போதும்.

படி 2: புத்தகத்தை ரப்பர் பேண்டால் இழுங்கள்

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். இதில் சத்தமே வராது, ஆனால் பின்னால் வரும் எல்லாச் சத்தத்துக்கும் இதுதான் தாய்.

கனமான புத்தகத்தை மேசையில் வைத்து, அதன் அட்டைக்குள் ரப்பர் பேண்டை மாட்டி, மறுமுனையைப் பிடித்து மெதுவாக, ஒரே வேகத்தில் இழுங்கள். கை நகர்கிறது, புத்தகம் அசையவில்லை. ரப்பர் நீள்கிறது, நீள்கிறது, திடீரென்று புத்தகம் ஒரு தாவு தாவி நின்றுவிடும். மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் தாவல். உங்கள் கை சீராக இழுத்தாலும் புத்தகம் விட்டுவிட்டுத்தான் நகர்கிறது.

காரணம், உராய்வுக்கு இரண்டு முகம். அசையாமல் நிற்கும் பொருளைக் கிளப்ப வேண்டிய விசை அதிகம். கிளம்பிவிட்டால் தொடர்ந்து நகர்த்தக் குறைந்த விசையே போதும். முன்னது நிலை உராய்வு, பின்னது இயக்க உராய்வு. எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமும்தான். இரண்டு உப்புத்தாள்களை முகத்தோடு முகம் வைத்தாற்போல, மேடுகளின் உச்சிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. நின்றிருக்கும்போது அந்த உச்சிகள் நசுங்கி ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கிறது, ஓடும்போது கிடைப்பதில்லை. உராய்வின் அடிப்படை விதிகளை 1699-இல் பிரான்சின் அமோந்தோன் வெளியிட்டார். 1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலோம், நெடுநேரம் அசையாமல் கிடந்த பரப்புகளைப் பிரிக்கக் கூடுதல் விசை வேண்டியிருப்பதைக் கவனித்தார்.

ஆக, ரப்பரில் விசை சேர்கிறது. நிலை உராய்வை மிஞ்சியதும் புத்தகம் வழுக்குகிறது. வழுக்கியதும் ரப்பர் தளர்ந்து புத்தகம் மறுபடி பிடித்துக்கொள்கிறது. இதை இந்தக் கட்டுரை முழுக்கப் 'பிடித்து வழுக்குதல்' என்றே சொல்கிறேன்.

இனி மூன்று மாற்றங்களைச் செய்து பாருங்கள்.

ரப்பருக்குப் பதில் நீளாத கயிறு கட்டி இழுங்கள். தாவல் கண்ணுக்குத் தெரியாது; புத்தகம் கயிற்றோடு சீராக வரும். மறுபடி ரப்பரையே மாட்டி வேகமாக இழுங்கள். தாவல்கள் நெருங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் மறைந்தே போகும். புத்தகத்துக்கு நின்று பிடித்துக்கொள்ள நேரமில்லை. கடைசியாக, மேலே இன்னொரு புத்தகத்தை ஏற்றி மெதுவாக இழுங்கள். தாவல் பெரிதாகும்.

கதவின் குறும்புக்கு விடை கிடைத்துவிட்டது. மெல்லத் திறக்கும்போது கீலில் உலோகமும் உலோகமும் பிடித்துப் பிடித்து வழுக்குகின்றன. வேகமாகத் திறந்தால் பிடிக்க நேரமில்லை. இரவில் கதவைத் துணிந்து சட்டென்று திறப்பதுதான் புத்திசாலித்தனம். சாத்தும்போது மட்டும் கடைசி ஒரு சாணில் கை கொடுத்து நிறுத்துங்கள், இல்லையென்றால் 'டமார்' என்பது தனிக் கதையாகிவிடும்.

இதே பிடித்து வழுக்குதல்தான் பாறைத் தட்டுகளுக்கிடையே நிலநடுக்கமாக நிகழ்கிறது என்று புவியியற்பியலாளர்கள் பிரேஸும் பயர்லியும் 1966-இல் முன்வைத்தார்கள். அங்கே காத்திருப்பு நூற்றாண்டுக் கணக்கில், தாவல் சில நொடிகளில். கதவுக் கீலும் நிலப்பிளவும் ஒரே இயந்திரம் என்று நினைத்துப் பார்க்க எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

படி 3: தாவல்களைச் சுருதியாக்குங்கள்

புத்தகம் நொடிக்கு இரண்டு மூன்று முறை தாவியது. கண்ணால் எண்ணினோம். நொடிக்கு இருபதைத் தாண்டிவிட்டால் எண்ண முடியாது. காது அவற்றைச் சேர்த்து ஒரே சுரமாகக் கேட்கத் தொடங்கும். அதைச் செய்து காட்ட ஏற்றது கண்ணாடிக் கோப்பை.

மெல்லிய விளிம்பும் தண்டும் உள்ள கோப்பையாக எடுங்கள். தடித்த டம்ளர் உதவாது. கோப்பையையும் கையையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். எண்ணெய்ப்பசை துளி இருந்தாலும் வேலை நடக்காது. அடிப்பாகத்தை ஒரு கையால் மேசையோடு அழுத்திப் பிடித்து, மறு கையின் ஆள்காட்டி விரலைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பின் மேல் வட்டமாகத் தேயுங்கள். இரண்டு நொடிக்கு ஒரு சுற்று போதும். முதல் சில சுற்றுகளில் 'சர்ர்' என்று மட்டும் வரும். பிறகு விரலுக்கடியில் ஒரு கூச்சம் தெரியும், உடனே கோப்பை பாட ஆரம்பிக்கும். வரவில்லையா? பெரும்பாலும் அதிகமாக அழுத்துகிறீர்கள். அழுத்தத்தைக் குறைத்து விரலை மறுபடி நனைத்துப் பாருங்கள்.

நடப்பது இதுதான். ஈர விரல் கண்ணாடியைப் பிடித்துச் சற்றே இழுக்கிறது, வழுக்குகிறது, மறுபடி பிடிக்கிறது. கோப்பைக்கோ தனக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் இருக்கிறது. அதன் வாய் வட்டத்திலிருந்து நீள்வட்டமாகி, திரும்பி, குறுக்கே நீள்வட்டமாகிக் கண்ணுக்குத் தெரியாமல் நெளிகிறது. அந்த நெளிவே விரல் எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தாளம் போட்டுக் கொடுத்துவிடுகிறது. ஊஞ்சலில் இருப்பவரே "இப்போது தள்ளு, இப்போது விடு" என்று சொல்லிச் சொல்லித் தள்ள வைப்பதுபோல. இப்படி ஒரு பொருள் தன் இயல்பு அதிர்வெண்ணுக்கு இசைவான தள்ளுதலை வாங்கிப் பெரிதாக அதிர்வதே ஒத்ததிர்வு.

சரிபார்க்க எளிய வழி உண்டு. விரலை எடுத்துவிட்டுக் கோப்பையைப் பென்சிலால் லேசாகத் தட்டுங்கள். தேய்த்தபோது வந்த அதே சுருதி 'டிங்' என்று வரும். தேய்த்தது விரல், சுருதி கோப்பையுடையது.

இனித் தண்ணீர் ஊற்றித் தேயுங்கள். அடியில் கொஞ்சம் இருக்கும்வரை பெரிய மாற்றமில்லை, ஏனென்றால் அங்கே கண்ணாடிச் சுவர் அதிகம் அசைவதில்லை. விளிம்பை நெருங்க நெருங்கச் சுருதி வேகமாக இறங்கும். சுவர் தன்னோடு தண்ணீரையும் ஆட்ட வேண்டியிருக்கிறது. பாட்டிலின் வாயில் ஊதினால் மட்டும் கதை தலைகீழ்: தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும். அங்கே அதிர்வது கண்ணாடி அல்ல, உள்ளே இருக்கும் காற்று. காற்றுக்கு இடம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. ஒரே பாத்திரம், ஒரே தண்ணீர், எதிரெதிர் விளைவு; அதிர்வது எது என்று கேட்காமல் சுருதியைப் பற்றிப் பேச முடியாது.

கோப்பை பாடும்போது நீர்ப்பரப்பில் நுண்ணலைகள் எழுவதைப் பாருங்கள். கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் இதை எழுதியிருக்கிறார்: சுரம் திடீரென்று ஒரு ஸ்தாயி மேலே தாவும்போது ஒவ்வோர் அலையும் இரண்டாகப் பிரிந்ததாக. பெஞ்சமின் பிராங்க்ளின் 1761-இல் பல அளவுக் கண்ணாடிக் கிண்ணங்களை ஒரே அச்சில் கோத்துச் சுழலவிட்டு, ஈர விரலால் வாசிக்கும் கருவியாகவே ஆக்கிவிட்டார். விரல் சுற்றுவதற்குப் பதில் கிண்ணம் சுற்றுகிறது, அவ்வளவே வித்தியாசம்.

வயலினும் இதே குடும்பம். வில்லில் பூசும் ரோசின் என்ற பிசின் நின்றிருக்கும்போது நன்றாகப் பற்றும். வழுக்கும்போது எழும் சூட்டில் இளகிப் பிடி தளரும். நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதுதான் அதன் சிறப்பு. 440 ஹெர்ட்ஸ் தந்தியை வில் நொடிக்கு 440 முறை பிடித்து 440 முறை விடுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு போகும் நேரம்தான் அதிகம். வழுக்கித் திரும்புவது கண நேரம். இந்த அசைவை 19-ஆம் நூற்றாண்டில் விவரித்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், அவர் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது.

படி 4: சீப்பின் பற்களை வருடுங்கள்

சீப்பின் பற்களை நகத்தால் மெதுவாக வருடினால் 'டிக் டிக் டிக்'. கொஞ்சம் வேகப்படுத்தினால் 'கரகர'. இன்னும் வேகமாக ஓட்டினால் 'ர்ர்ரீப்' என்று சுருதி மேலேறும்.

கணக்கு எளிது: வேகத்தைப் பல்லிடைவெளியால் வகுத்தால் அதிர்வெண். பற்கள் 2 மில்லிமீட்டருக்கு ஒன்று. நகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் போனால் நொடிக்கு 50 பல், அதாவது 50 ஹெர்ட்ஸ். 40 சென்டிமீட்டர் போனால் 200 ஹெர்ட்ஸ். சுருதியை இப்படி எண்ணாக்கிக் காட்ட ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1681-இல் பல் வெட்டிய பித்தளைச் சக்கரங்களைச் சுழற்றினார். ஜிப்பை இழுக்கும்போது சுருதி ஏறுவதும் இதனால்தான். சில நாடுகளில் சாலையில் வரிப்பள்ளங்கள் வெட்டி, கார் ஓடும்போது மெட்டு கேட்கும்படி செய்திருக்கிறார்கள். பள்ளங்களின் இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால், மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் காருக்கு அது ஏறத்தாழ 333 ஹெர்ட்ஸ். வேகத்தைக் கூட்டினால் மெட்டு முழுவதும் சுருதி ஏறிவிடும்.

படி 5: வேகத்தை மாற்றிப் பாருங்கள்

வழிகாட்டியின் இதயம் இந்தப் படி. சத்தம் எதுவாக இருந்தாலும் தேய்க்கும் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், சுருதி என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

சுருதி வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், அது சீப்பின் இனம். பரப்பில் சீரான இடைவெளியில் ஏதோ இருக்கிறது: பல், வரி, தையல், பல்சக்கரம்.

வேகம் மாறினாலும் சுருதி அசையவில்லை, சத்தத்தின் அளவு மட்டும் மாறுகிறது என்றால் அது கோப்பையின் இனம். ஏதோ ஒரு பொருள் தன் இயல்பு அதிர்வெண்ணில் பாடிக்கொண்டிருக்கிறது. வண்டி வேகம் குறைந்துகொண்டே வந்தும் பிரேக்கின் கீச்சொலி ஒரே சுருதியில் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே பாடுவது பிரேக் வட்டும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஹெர்ட்ஸில், சில வேளை பத்தாயிரத்தையும் தாண்டி.

சுருதியே இல்லை, வேகமாகத் தேய்த்தால் உரக்கவும் கூர்மையாகவும் கேட்கிறது, அவ்வளவுதான் என்றால் அது 'ஸ்ஸ்ஸ்' இனம். உள்ளங்கைகளைத் தேய்த்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான நுண்மேடுகள் ஒன்றோடொன்று ஒழுங்கில்லாமல் இடறுகின்றன. உலர்ந்த இலை, துணி, உப்புத்தாள், காகிதம் எல்லாம் இங்கே.

தமிழ்க் காது இதை முன்பே பிரித்துவைத்திருக்கிறது. சீரற்ற உரசலுக்குச் 'சரசர'. எண்ணிவிடலாம்போல் தனித்தனியாகத் தெரியும் இடறலுக்குக் 'கரகர', 'நறநற', 'கடகட'. இவை எல்லாம் இரட்டைக்கிளவிகள். ஒத்ததிர்வில் ஒரே சுரமாய் வருவதற்கோ 'கிரீச்', 'கணீர்', 'டங்'. இவை ஒற்றையாகவே நிற்கும். பல நிகழ்வுகளுக்கு இரட்டிப்பு, ஒரே சுரத்துக்கு ஒற்றை. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தும் என்று இலக்கணம் வகுக்க வரவில்லை. ஆனால் பழுது தேடும்போது வாயில் முதலில் வரும் சொல்லை நம்பலாம் என்பது என் அனுபவம்.

எந்த இனத்திலும் அடங்காதவையும் உண்டு. கதவு அப்படி ஒன்று. மிக மெதுவாகத் திறந்தால் 'டொக்... டொக்' என்று தனித்தனித் தாவல். கொஞ்சம் வேகப்படுத்தினால் தாவல்கள் நெருங்கிச் சுருதி ஏறும். ஓரிடத்தில் கதவின் ஏதோ ஒரு பாகத்தின் இயல்பு அதிர்வெண்ணோடு பொருந்திக் கிரீச்சிடும். இன்னும் வேகமானால் மௌனம்.

சுவர்க்கோழி இரண்டு இனத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. ஆண் பூச்சியின் ஒரு சிறகில் அரம்போன்ற பல்வரிசை, மறு சிறகில் அதைச் சுரண்டும் விளிம்பு. இதுவரை சீப்பு. ஆனால் சிறகின் ஒரு பகுதி மெல்லிய தகடாக 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்கிறது. பற்கள் கடக்கும் வேகமும் அதற்கே பொருந்திவிடுகிறது. ஒரு பல்லுக்கு ஓர் அதிர்வு. அதனால்தான் அதன் குரல் கரகரப்பாக இல்லாமல் மணிபோல் இருக்கிறது.

கரும்பலகையில் சாக்பீஸ் கிரீச்சிடுவது கோப்பை இனம். பிடித்து வழுக்கும்போது சாக்பீஸும் விரலும் சேர்ந்து அதிர்கின்றன. கையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைக் குறைத்து, பலகைக்கு அருகே பிடித்து, சாய்த்து இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். நகத்தால் பலகையைக் கீறும் ஓசை ஏன் உடலைக் கூச வைக்கிறது என்று 1986-இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கீச்சென்ற உச்சச் சுருதிகளை வடிகட்டி நீக்கியும் கூச்சம் குறையவில்லை; நடுத்தர அதிர்வெண்களை நீக்கியபோதுதான் குறைந்தது. நம் காதுக் குழாயின் நீளம் ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர், ஒரு முனை மூடிய குழாயாக அது 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே தானும் ஒத்ததிரும். அந்த வட்டாரத்து ஒலிகளுக்கு நம் காது கூடுதல் கூர்மை. கோப்பை மட்டுமல்ல, கேட்கும் காதும் ஒரு கோப்பைதான்.

படி 6: கைபேசியை மேசையில் வையுங்கள்

கைபேசியை அதிர்வு நிலையில் வைத்து உள்ளங்கையில் பிடியுங்கள். அதிர்கிறது, ஆனால் சத்தம் மிகக் குறைவு. தலையணை மேல் வைத்தால் இன்னும் அடங்கும். மரமேசையின் மேல் வைத்தால் 'டர்ர்ர்' என்று அறை முழுதும் கேட்கும். உள்ளே அதிரும் மோட்டார் ஒன்றேதான்.

சிறிய பொருள் அதிரும்போது முன்னால் தள்ளப்பட்ட காற்று பக்கவாட்டில் நழுவிப் பின்னால் போய்விடுகிறது. ஒலியலையாகப் புறப்படுவது கொஞ்சம்தான். அகன்ற பலகை அதிர்ந்தால் காற்றுக்கு நழுவ இடமில்லை. வயலின் தந்தி தனியே கிசுகிசுக்கும், மரக்கூடுதான் பேசும். பலகைகள் எப்படி அதிர்கின்றன என்பதை 1787-இல் ஜெர்மானிய அறிவியலாளர் கிளாட்னி கண்ணுக்கே காட்டினார்: தகட்டில் மணல் தூவி விளிம்பை வில்லால் உராய, அசையாத கோடுகளில் மணல் ஒதுங்கிக் கோலம்போல் நின்றது.

இதன் நடைமுறைப் பயன் ஒன்று: சத்தம் வரும் திசையை நம்பாதீர்கள். கீல் ஒரு விரல் நீளம். கேட்பது கதவுப் பலகை முழுவதும்.

படி 7: போலிகளைக் கழித்துவிடுங்கள்

உராய்வுபோல் கேட்டாலும் உராய்வு அல்லாதவை பல. விரல் மூட்டு சொடுக்கு விடுவது எலும்பு உரசுவதால் அல்ல. மூட்டுத் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக் குழி உண்டாவதோடு தொடர்புடையது. சில்வண்டு சிறகை உரசுவதில்லை. வயிற்றோரத்தில் உள்ள வரியோடிய சவ்வைத் தசையால் உள்ளே மடக்கி மடக்கி விடுகிறது, தகர மூடியை அமுக்கி விடுவதுபோல. மின்மாற்றியின் ரீங்காரம் இரும்பு உள்ளகம் காந்தப்புலத்தில் நுண்ணளவு நீண்டு குறுகுவதால். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸாகக் கேட்கும். காகிதத்தைக் கசக்கும்போது வரும் 'மொறமொற' மடிப்புகள் ஒவ்வொன்றாய்ச் சட்டென்று நிலை மாறுவதன் சத்தம்.

எண்ணெயால் தீராத 'கடகட' பெரும்பாலும் மோதல்: தளர்ந்த திருகாணி, ஆடும் மூடி. கையால் அழுத்திப் பிடியுங்கள். சத்தம் நின்றால் உராய்வை மறந்துவிட்டுத் திருப்புளியை எடுங்கள். என் நாற்காலி ஒன்றுக்கு வாரக்கணக்கில் எண்ணெய் விட்டிருக்கிறேன். கடைசியில் இருக்கைக்கடியில் ஒரு திருகாணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது.

படி 8: சத்தத்தை அடக்குங்கள்

இனி ஒரு கிரீச்சொலியை எடுத்துக்கொள்வோம். கதவு என்றே வைத்துக்கொள்ளலாம். முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொருவரைக் கதவை மெல்ல அசைக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு கீலாக விரல் நுனி வையுங்கள். தாவல் விரலில் தெரியும். தெரியவில்லையென்றால் நீளமான திருப்புளியின் முனையைக் கீலில் வைத்துக் கைப்பிடியைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் ஒட்டுங்கள். திட உலோகத்தின் வழியே ஒலி நேராக வரும். குற்றவாளிக் கீல் மற்றவற்றைவிடத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். சுழலும் இயந்திரத்திலோ மின்சாரம் ஓடும் பாகத்திலோ இதைச் செய்யாதீர்கள்.

அடுத்து, கதவின் எடையைக் கையால் லேசாகத் தூக்கியபடி அசைத்துப் பாருங்கள். சத்தம் மாறினால் சுமைதான் பிரச்சினை: மேல் கீலின் திருகாணிகள் தளர்ந்து கதவு தொங்கியிருக்கும். இறுக்கினாலே பாதி வேலை முடிந்தது. புத்தகத்தின் மேல் இன்னொரு புத்தகத்தை ஏற்றியது நினைவிருக்கிறதா? இது அதைக் கீழே இறக்குவது.

மிச்சமிருப்பது உராய்வு. கீலின் முளையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, துருவையும் பழைய அழுக்கையும் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். கழற்ற முடியாவிட்டால் மேலிருந்து எண்ணெய் விட்டுக் கதவைப் பலமுறை ஆட்டுங்கள். எந்தப் பசை எங்கே என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மெல்லிய எண்ணெய் இடுக்கில் எளிதாக இறங்கும், அதே எளிமையோடு வழிந்தும் போய்விடும். கிரீஸ் இறங்காது, ஆனால் தங்கும். பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து களிம்பாகும்; கிராஃபைட் தூள் நல்லது. மரத்தோடு மரம் உரசும் இழுப்பறைக்கு மெழுகுவர்த்தித் துண்டு அல்லது உலர்ந்த சோப்புக் கட்டி. ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் வேண்டாம், இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும். சிலிக்கோன் பசை பாதுகாப்பு.

உராய்வைக் குறைக்கவே கூடாத இடங்களும் உண்டு. பிரேக் கீச்சிடுகிறது என்று அதன் உராயும் பரப்பில் எண்ணெயோ கிரீஸோ பட்டுவிடக் கூடாது. சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும். அங்கே செய்ய வேண்டியது உராய்வைத் தொடாமல் பாடும் பொருளின் வாயை அடைப்பது. அதற்காகத்தான் பிரேக் பட்டையின் முதுகுப் பக்கம் ரப்பர் பூசிய தகடு வைக்கிறார்கள், ஓரங்களைச் சாய்வாகச் செதுக்குகிறார்கள். இதற்குத் தணிப்பு என்று பெயர். பாடும் கோப்பையை இன்னொரு விரலால் தொட்டுப் பாருங்கள், சட்டென்று அடங்கும்; அதே உத்தி. ஆனால் ஒரு விதிவிலக்கு: பல கார்களில் பட்டை தேய்ந்துபோனால் வட்டில் உரசிக் கீச்சிடுவதற்கென்றே சிறு உலோக நாக்கு வைத்திருப்பார்கள். அந்தக் கீச்சைத் தணிக்கக் கூடாது. பட்டையை மாற்ற வேண்டும்.

சீப்பு இனச் சத்தத்துக்கு எண்ணெய் கொஞ்சம் உதவும், முழுதாக உதவாது. பல்லும் வரியும் அங்கேயேதான் இருக்கும். சத்தம் தொந்தரவு என்றால் மூன்றாம் கேள்விக்குப் போங்கள்: சத்தத்தைப் பரப்பும் பலகையிலிருந்து அது பிறக்கும் பொருளைப் பிரித்துவையுங்கள். கைபேசிக்குத் தலையணை செய்ததை இயந்திரத்தின் காலடியில் ஒரு ரப்பர் துண்டோ கம்பளித் துணியோ செய்யும்.

எண்ணெய் விட்டு இரண்டே நாளில் கதவு மறுபடி கிரீச்சிட்டால், விட்ட எண்ணெய் உராயும் இடத்தை எட்டவில்லை, அல்லது எட்டி வழிந்துவிட்டது. இன்னும் இரண்டு சொட்டு விடாதீர்கள். கீலுக்குக் கீழே கதவில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது எண்ணெயில் கலந்து வெளியேறிய உலோகத் துகள், முளை தேய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கழற்றித் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் கீலையே மாற்றிவிடுங்கள்.